தலைவர் படம் போட்டு வந்தா எல்லாம் உண்மையா? தீபாவளிக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!



எதிர்த்தரப்பு ஒரு பொய்ச் செய்தி போட்டா அஞ்சு நிமிஷத்துல ஆதாரத்தோட உடைக்கிறவங்க நாம. பழைய போட்டோவா, எந்த ஊரு, எந்த வருஷம்னு தோண்டி எடுத்துடுவோம். ஆனா நம்ம தலைவர் படமும் கொடியும் போட்டு ஒரு லிங்க் வந்தா? பார்க்காமலே பத்து குரூப்புக்கு ஃபார்வர்டு!

போன தீபாவளிக்கு எங்க வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் "தலைவரின் தீபாவளிப் பரிசு ரூ.5,000" என்று ஒரு படம் வந்தது. அனுப்பியவர் நம்ம நிர்வாகிதான். நல்ல மனசோடதான் அனுப்பினார். நானும் பார்த்தேன். போலின்னு உடனே தெரிஞ்சுது. 'இதை யாரு நம்பப் போறா'ன்னு கடந்து போயிட்டேன்.

நம்பினாங்க. கூட்டம்னா முதல் ஆளா வந்து நிற்கிற, பூ கட்டி விற்கிற ஒரு அக்கா. லிங்க்கைத் தொட்டாங்க. ஸ்கிராட்ச் கார்டு வந்தது, தேய்ச்சாங்க. யுபிஐ ஆப் திறந்தது, பின் நம்பர் போட்டாங்க. பரிசு வரல. பிள்ளைங்களுக்குத் துணி எடுக்க வெச்சிருந்த 4,999 ரூபாய் போயிடுச்சு.

மூணு நாள் யார்கிட்டயும் சொல்லல. ஏன்க்கான்னு கேட்டேன். "நம்ம ஆளுங்க அனுப்பினது தம்பி. வெளிய சொன்னா கட்சிக்குத்தானே கெட்ட பேரு"ன்னாங்க.

அந்த அக்காவைப் பேராசைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க நம்பினது மோசடிக்காரனை இல்ல, நம்மை. அந்த நம்பிக்கையை நாமதான் ஃபார்வர்டு பண்ணி அவனுக்கு இலவசமா கொடுத்தோம். பார்த்தும் பேசாம இருந்த நானும் அதுக்குப் பொறுப்பு.

அதனால இதை வீட்ல பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க:

🔴 பணம் நமக்கு வர்றதுக்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டா நம்ம காசு போகப் போகுதுன்னு அர்த்தம்.

🔴 "சிவகாசி நேரடி விலை, 80% தள்ளுபடி" விளம்பரம் பார்த்து முன்பணம் அனுப்பாதீங்க. முதல்ல பட்டாசுக்கு, அப்புறம் லாரி வாடகைக்கு, அப்புறம் ஜிஎஸ்டிக்குன்னு வாங்கிட்டு நம்பரை பிளாக் பண்ணிடுவாங்க. ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டாச்சு. உரிமம் உள்ள கடையில நேர்ல வாங்குங்க.

🔴 கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம்னு வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வந்தா தொடாதீங்க. அதை இன்ஸ்டால் பண்ணினா உங்க ஓடிபி எஸ்எம்எஸ் எல்லாம் அவன் படிக்க முடியும்.

🔴 அடுத்து பொங்கல் வருது. அரசோட பொங்கல் பரிசு ரேஷன் கடையில தர்றது. அதுக்கு லிங்க்னு வந்தா அது போலி.

காசு போயிடுச்சா? கூச்சப்படாதீங்க. உடனே 📞 1930-க்கு போன் பண்ணுங்க. பணம் பல கணக்கு மாறி வெளிய எடுக்கப்படுறதுக்கு முன்னாடி தகவல் போனா, வங்கி அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. அக்கா விஷயத்துல மூணு நாள் போயிட்டதால அந்த வாய்ப்பும் போயிடுச்சு.

குரூப் அட்மின்களே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். தலைவர் பேர்ல பரிசு, உதவித்தொகைன்னு எது வந்தாலும் கட்சியோட அதிகாரப்பூர்வ பக்கத்துல இருக்கான்னு பாருங்க. இல்லையா, அழிங்க. அழிச்சா மட்டும் போதாது, அதே குரூப்புல "இது போலி, யாரும் தொடாதீங்க"ன்னு எழுதுங்க. அனுப்பினவர் எவ்வளவு பெரிய பொறுப்புல இருந்தாலும் "அண்ணே, இது எங்கிருந்து வந்தது"ன்னு கேளுங்க. அது மரியாதைக்குறைவு இல்ல.

வெளிய சொன்னா கட்சிக்குக் கெட்ட பேருன்னு அக்கா நினைச்சாங்க. நம்மை நம்பினவங்க ஏமாந்து நிற்கும்போது நாம சும்மா இருக்கிறதுதான் கட்சிக்குக் கெட்ட பேரு.

பாதுகாப்பான தீபாவளி வாழ்த்துகள் 🪔

– தகவல் தொழில்நுட்ப அணி

#விழிப்போடு_தீபாவளி #சரிபார்த்து_பகிர்வோம்