ஒரு முக்காலியின் விலை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். காயின் பருமனைச் சல்லடை சொல்லிவிடும். நிறத்தையும் வெடிப்பையும் கண்டுபிடிப்பவை தரையில் வரிசையாக அமர்ந்திருக்கும் பெண்களின் கண்களும் விரல்களும்தாம். ஏலத்தில் எடுத்த மூட்டை இவர்கள் கைபட்ட பிறகே 8 மில்லிமீட்டர் பச்சைக்காய் என்ற மதிப்போடு வடக்கே போகிறது. அவர்களுக்கும் முதுகுவலி உண்டு. அந்த வேலையை நான் போற்ற வரவில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பதால் அவர்களை யாரும் சோம்பேறிகள் என்பதில்லை.

அதே ஊரின் துணிக்கடைக்குள் நுழையுங்கள். சேலையை விரித்துக் காட்டும் பெண், கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டிருப்பாள். வாடிக்கையாளரே இல்லாத மதியத்திலும் நிற்பாள். அமர்ந்தால் கடைக்கு மரியாதை இல்லை என்று யார் எப்போது முடிவு செய்தார்களோ!

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளின் பெண்கள் இதை எதிர்த்துப் போராடியதன் பலனாக, 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழகம் 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கும் பிரிவைச் சேர்த்தது. 2010இல் வெளிவந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' நினைவிருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பிந்தியது ஏன் என்ற கேள்வி எழலாம். எனக்கு எழும் கேள்வி வேறு: சட்டம் வந்த பின்னும் நாற்காலி ஏன் வரவில்லை?

காரணம், முதலாளி அதைச் செலவாகப் பார்ப்பது. ஊழியரின் ஈடுபாடு விற்பனையைப் பெருக்கும் என்று மேலாண்மைப் பயிற்சியாளர்கள் மேடையில் சொன்னால் அவரும் கைதட்டுவார். அமெரிக்காவில் கேப் ஆடைக் கடைகள் சிலவற்றில் பணிநேரத்தை முன்கூட்டியே அறிவித்து நிலையாக வைத்துப் பார்த்தார்கள். விற்பனை 7 சதவீதம் உயர்ந்ததாக 2018இல் வெளியான ஆய்வு கூறியது. அங்கே யாரும் ஊழியர்களுக்கு உற்சாக உரை நிகழ்த்தவில்லை. அவர்களுடைய நாளைக் குலைக்காமல் விட்டார்கள், அவ்வளவே.

நம் கடைக்காரர் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி தருவார், 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்பார். கால் கடுக்க நிற்பவள் மாலை ஏழு மணிக்கு எட்டாவது சேலையை எந்த மனத்தோடு விரிப்பாள் என்று மட்டும் யோசிப்பதில்லை. அந்த எட்டாவது சேலைதான் பெரும்பாலும் விற்கிறது. அவர் மட்டும் கல்லாவில் மெத்தை வைத்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அதனால் கடைக்கு எந்த மரியாதைக் குறைவும் நேரவில்லை.