பதின்மூன்று தோட்டாக்களும் ஒரு சட்டையும்

டெக்சாஸில் வசிக்கும் நண்பர் ஒருவருக்கு, காலமான அவருடைய மாமனாரின் ப்ரௌனிங் ஹை-பவர் கைத்துப்பாக்கி வந்து சேர்ந்திருக்கிறது. சட்டைக்கடியில் மறைத்து எடுத்துச் செல்ல வசதியாக அதை வெட்டிச் சுருக்கலாமா என்று என்னிடம் கேட்டார். துப்பாக்கிகளின் வரலாற்றை விரும்பி வாசிப்பவன் என்பதற்கு மேல் எனக்குத் தகுதி ஏதுமில்லை. ஆயினும் கருத்து ஒன்று உண்டு. வேண்டாம் என்பதே அது.

ஜான் ப்ரௌனிங் 1926இல் பெல்ஜியத்தில் இறந்தபோது இத்துப்பாக்கி முற்றுப்பெறவில்லை. தியூதொனே சேவ் அதை முடித்து, 1935இல் எஃப்.என். நிறுவனத்தின் படைப்பாக வெளிவரச் செய்தார். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், இரு வரிசைகளாகக் கோத்து அடைத்ததால் பெட்டியில் 13 கொண்டது. அக்காலத்தில் அது பெரும் எண்ணிக்கை. இரண்டாம் உலகப் போரில், ஆக்கிரமிக்கப்பட்ட பெல்ஜியத்தில் ஜெர்மானியருக்காகவும், கனடாவில் நேச நாடுகளுக்காகவும் இது தயாரானது. இந்திய ராணுவத்தின் ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியும் இதன் வழித்தோன்றலே, இச்சாப்பூரில் செய்யப்பட்டது.

இது போர்வீரனின் இடுப்பு உறையில் வெளிப்படையாகத் தொங்குவதற்கென்று பிறந்த பொருள். ஏறத்தாழ ஒரு கிலோ எடை. மறைத்து அணிகையில் குழலின் நீளம் தொல்லை தரும் என்று பலரும் நினைக்கிறார்கள். குழல் காற்சட்டைக்குள் அடங்கிவிடும். துருத்திக்கொண்டு சட்டையைத் தூக்கிக் காட்டுவது பிடிதான். ஆனால் தோட்டாக்கள் குடியிருப்பதும் அந்தப் பிடிக்குள்தான்! மறைக்க வேண்டுமானால் பிடியைக் குறுக்க வேண்டும். பிடியைக் குறுக்கினால் எந்த எண்ணிக்கைக்காக இத்துப்பாக்கி புகழ்பெற்றதோ அது குறையும். நிறையவும் வேண்டும், தெரியவும் கூடாது என்னும் ஆசை தன்னையே வெட்டிக்கொள்கிறது.

மாற்றங்கள் எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. ஹை-பவரின் சுத்தியல் பின்னே மடங்கும்போது சிலருடைய கட்டைவிரல் இடுக்குத் தோலைக் கடிக்கும். தேர்ந்த கைவினைஞர் அதன் கொம்பைச் சற்றுக் குறைத்துத் தருவது நியாயமான திருத்தம். ஆனால் தோட்டாப் பெட்டியை உருவியதும் விசை இயங்காமல் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் இதில் உண்டு. விசை மென்மையாகும் என்பதற்காகப் பலர் அதை அகற்றிவிடுகிறார்கள். பெட்டியை உருவிய பின்னரும் குழலறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். நண்பரின் வீட்டில் எட்டு வயதுச் சிறுமி இருக்கிறாள். விரலுக்குக் கிடைக்கும் சிறு மென்மைக்கு அவள் விலையாகக் கூடாது.

அரசும் ஒருமுறை இந்த எண்ணிக்கையோடு மல்லுக்கட்டியது. 1994ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், பொதுமக்களுக்காகப் புதிதாகச் செய்யப்படும் பெட்டிகளில் பத்துக்கு மேல் கூடாது என்றது. பத்துதான் எனில் பெரிய பிடி எதற்கு? 1995இல் வந்த க்ளாக் 26 சிறிய உடலில் பத்துத் தோட்டாக்களை அடக்கியது. கொள்ளளவைக் குறைக்க வந்த சட்டத்தின் காலம் மறைப்பதற்கு எளிய துப்பாக்கிகளின் காலமாகவும் அமைந்தது ஒரு முரண். 2004இல் அச்சட்டம் காலாவதியாயிற்று. 2018இல் வந்த சிக் பி365 அதைவிடச் சிறிய உடலில் அதே பத்தைக் கொண்டது. ஆகவே மறைத்து அணிவதற்கென்று பழைய ஹை-பவரைச் சிதைக்க இன்று தேவையே இல்லை.

மறுதரப்பின் வாதத்தையும் நான் எளிதாகத் தள்ளவில்லை. 1991 அக்டோபரில், டெக்சாஸின் கில்லீன் நகர உணவகம் ஒன்றில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் தம் பெற்றோர் இருவரையும் அங்கே இழந்தார். அன்றைய சட்டத்துக்கு அஞ்சித் தம் கைத்துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவந்திருந்தார். அவருடைய துயரமும் போராட்டமும் மாநிலச் சட்டம் மாறுவதற்குப் பெரிதும் காரணமாயின. 2021 செப்டம்பர் முதல் அங்கே பெரும்பாலோருக்கு உரிமமும் தேவையில்லை. அந்த மகளின் முன் நின்று, "ஆயுதம் எதற்கு?" என்று கேட்க எனக்கு நா எழாது.

ஆனால் அவருக்கு அன்று இல்லாமற்போனது கைக்கெட்டும் ஒரு துப்பாக்கி. பதின்மூன்றாவது தோட்டாவன்று. அச்சத்துக்கு எண்ணிக்கை போதாது. பதின்மூன்று கிடைத்தால் பதினேழைக் கேட்கும். கூட்டத்தின் நடுவே சுடப்படும் ஒவ்வொரு தோட்டாவும் எங்கோ சென்று தைக்கும். தைத்த இடத்துக்குச் சுட்டவரே பொறுப்பு.

நண்பருக்கு இதையே எழுதினேன். மாமனாரின் நினைவை அப்படியே பூட்டி வையுங்கள். சுமந்தே ஆகவேண்டுமென்றால் அதற்கென்று பிறந்த ஒன்றை வாங்கி, மாதந்தோறும் பயிலுங்கள். இன்னும் பதில் வரவில்லை.