விமான இழப்பு: இந்தியா சிங்கப்பூரில் சொன்ன செய்தி

2025 மே 9ஆம் தேதி காலை, தேக்கா உணவங்காடியில் தோசைக்குக் காத்திருந்தபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. சென்னையிலுள்ள பெரியப்பா அனுப்பியிருந்தார். கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கிவிட்டதாக ஒரு தொலைக்காட்சிச் செய்தி. உடனே இரண்டு நண்பர்களுக்கு அனுப்பினேன்.

அப்படி ஒரு தாக்குதல் நடக்கவே இல்லை.

இத்தனைக்கும், மே 7 முதல் 10 வரை நீடித்த அந்த இந்திய-பாகிஸ்தான் மோதலில் செய்திக் கட்டுப்பாட்டுக்குக் குறைவில்லை. ராணுவ நடவடிக்கைகளை நேரலையில் காட்ட வேண்டாமென்று இந்திய அரசு ஏப்ரல் 26ஆம் தேதியே ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. அதில் நியாயம் இருக்கிறது. படைகள் நகரும் இடத்தைக் காட்டினால் உயிர் போகும். ஆனால், கட்டுப்பாடு அங்கேயே நிற்கவில்லை. இந்தியாவில் 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க உத்தரவு வந்ததாக எக்ஸ் தளம் கூறியது. 'தி வயர்' இணையத்தளம் மே 9ஆம் தேதி முடக்கப்பட்டது. ரஃபேல் விமானம் ஒன்று வீழ்த்தப்பட்டதாக சிஎன்என் வெளியிட்ட தகவலைப் பற்றிய கட்டுரையே காரணம் என்று அத்தளம் பின்னர் தெரிவித்தது. கராச்சிக் கதையோ என் கைப்பேசிவரை வந்து சேர்ந்தது!

பாகிஸ்தானின் கதை இன்னும் வேடிக்கை. 2024 பிப்ரவரி முதல் முடக்கி வைத்திருந்த எக்ஸ் தளத்தை, மோதல் தொடங்கியதும் திறந்துவிட்டது. குடிமக்களின் குரல் திடீரென்று அரசுக்குத் தேவைப்பட்டது போலும்.

இழப்புகள் போரின் ஒரு பகுதி என்ற அளவில்தான் இந்திய அதிகாரிகள் முதலில் பேசினார்கள். போர் விமானங்களை இழந்ததை இந்தியா வெளிப்படையாக ஒப்புக்கொண்டது மே 31ஆம் தேதி, நம் சிங்கப்பூரில். ஷங்ரிலா கலந்துரையாடலுக்கு வந்திருந்த முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான், புளூம்பெர்க் தொலைக்காட்சியிடம் அதைச் சொன்னார். எண்ணிக்கையைக் கூறவில்லை. ஆறு விமானங்கள் என்ற பாகிஸ்தானின் கூற்றை மறுத்தார். அவை ஏன் விழுந்தன என்பதே முக்கியம் என்றார். அந்த 'ஏன்' என்ற கேள்வியைச் சண்டை நின்று மூன்று வாரமாக யாரும் சரியாகக் கேட்க முடியவில்லை.

சிங்கப்பூருக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. மலாயாவின் தற்காப்புக் குறைகளைச் சொன்ன அமெரிக்க வானொலிச் செய்தியாளர் செசில் பிரவுனின் ஒலிபரப்பு அனுமதியை, 1942 ஜனவரியில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பறித்தார்கள். மக்களின் மனவுறுதி கெடுமாம். பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

சௌகானின் பேட்டியைக் குடும்பக் குழுவில் பகிர்ந்தேன். "இதை ஏன் அங்க வந்து சொல்றாரு?" என்று பெரியப்பா கேட்டார். "அங்க யாராவது கேட்டாங்களா பெரியப்பா?" என்றேன். பதில் இல்லை.

எனக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. கராச்சிச் செய்தி பொய் என்று அந்த இரண்டு நண்பர்களிடம் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒருவன் அதைத் தன் தாத்தாவிடம் காட்டிவிட்டிருந்தான்.