மூச்சு இழுக்கச் சொல்லுகிறவர்களுக்கு

சங்கரன்கோவிலில் இருபது வருசம் அடுத்தவர் குடோனில் விசைத்தறி ஓட்டியவன் நான். போன வருசம் முதலாளி தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றுவிட்டார். நாற்பத்திரண்டு வயசில் தெரிந்த ஒரே வேலையும் போச்சு. ராத்திரி தூக்கம் கிடையாது. தறி நின்ற பிறகுதான் காதுக்குள் தறி ஓட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் காலனிச் சமுதாயக் கூடத்துக்கு யோகா வகுப்பு வந்தது. "மாற்றத்தை ஏத்துக்கிடுங்க. பிரச்சினை வெளியே இல்லை, உங்க மனசுல இருக்கு. மூச்சை மட்டும் கவனிங்க" என்றார் வந்தவர். பத்து நாள் போனேன். பொய் சொல்ல மாட்டேன். மூச்சைக் கவனித்தால் நெஞ்சுப் படபடப்பு குறையத்தான் செய்கிறது. தூக்கமும் வந்தது. உடம்பை அசைத்து, மனசை ஒரு இடத்தில் நிறுத்தினால், அடிபட்ட மனுசன் எழுந்து நிற்கலாம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் சண்டை அந்தப் பயிற்சியோடு அல்ல, அதோடு சேர்த்துக் கொடுக்கிற தத்துவத்தோடு.

"தோள் ஏன் இப்படி இறுகிக் கெடக்கு? தளர விடுங்க" என்றார் ஒருநாள். எப்படி விட? 1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு பஸ் தகராறில் பிடித்த தீ தென்மாவட்டம் பூராவும் பரவியது. ஆகஸ்டு 31இல் கொடியன்குளத்துக்குள் போலீஸே புகுந்து வீடுகளை நொறுக்கியது. எனக்கு அப்போது பதிமூணு வயசு. ராத்திரி லாரிச் சத்தம் கேட்டாலே எங்கம்மை எங்களை எழுப்பி, செருப்புகூட இல்லாமல் பருத்திக்காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவாள். அந்த ஓட்டம் இன்னும் தோளில் இருக்கிறது. எங்க தாத்தா துண்டை இடுப்பில் கட்டி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மேலத்தெருவைக் கடந்தவர். வாழ்நாள் முழுக்க அவர் தவறாமல் செய்த ஆசனம் அது! இதெல்லாம் மனசில் இருக்கிற பிரச்சினையா?

கவனம் என்பதை எங்களுக்கு வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம். நடக்கும்போது நடக்கிறோம் என்று அறிந்து நட என்று சொன்னவர் புத்தர். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் கண்டது அந்தச் சொத்தை மீட்கத்தான். அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அதில் சித்தார்த்தன் கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்து வீட்டைவிட்டு ஓடவில்லை. ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் மோதும்போது, சண்டை வேண்டாம் என்று சங்கத்தில் எதிர்த்து நின்று, அதற்காக வெளியேறுகிறான். தண்ணீர்த் தகராறில் தொடங்குகிறது அந்தத் தியானம்! அதில் இருந்து மூச்சை மட்டும் உருவிக்கொண்டு, தகராறை வசதியாக விட்டுவிட்டார்கள். 1927 மார்ச் 20இல் மகாத்தில் பாபாசாகேப் பின்னால் சவுதார் குளத்துக்கு நடந்து தண்ணீர் அள்ளிக் குடித்தார்களே, அவர்களுக்கு ஒவ்வொரு அடியும் கவனத்தோடு வைத்த அடி இல்லையா?

(எங்கள் ஊரில் பாம்பாட்டிச் சித்தர் சமாதி இருப்பதாகச் சொல்லுதாங்க. மூச்சை அடக்கும் வித்தை பேசிய அந்த மனுசன் சாதியைக் கொளுத்தவும் பாடியிருக்கிறார். வகுப்பெடுக்க வந்தவர் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.)

ஆடித்தபசுக்குக் கொடி ஏறினால் பெண்கள் கோயிலை ஆடிச்சுற்று சுற்றுவார்கள், நூற்றுக்கணக்கில். அப்பா செத்த வருசம் அம்மையும் சுற்றினாள். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை, சண்டை போட்டேன். "சாமிக்காவ இல்லல. நடந்தா நெஞ்சுப்பாரம் கொறையுது. கூட நாலு பொம்பளைக நடக்காளுவல்லா" என்றாள். அந்த நாலு பேர்தான் யோகா வகுப்பில் இல்லாதது. அங்கே அவனவன் பாய், அவனவன் மூச்சு. பக்கத்தில் இருந்தவனுக்கும் என்னைப் போலவே வேலை போயிருந்தது. பத்து நாளும் கண்ணை மூடியிருந்ததால் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு 1990களிலிருந்து தலித் பெண்களுக்குப் பறையைச் சொல்லிக்கொடுக்கிறது. சாவுக்கு அடிக்கச் சொல்லி நம் தலையில் கட்டிய மேளத்தைப் பெண்கள் தோளில் மாட்டி ஆடுகிறார்கள். பறையைத் தூக்கிப் போடுவதுதான் விடுதலை என்கிற தோழர்களும் உண்டு. அடிமை வேலைக்கு அடிக்காதே என்ற அளவில் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் வட்டமாக நின்று அடவு வைக்கும்போது ஒருத்தன் கால் தப்பினால் எல்லார் காலும் தப்புகிறது. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் ஆகணும். இதைவிட என்ன கவனப் பயிற்சி வேண்டும்?

வகுப்பு முடிந்ததும் எங்கள் பையன்கள் சாயங்காலம் பறை பழக அதே கூடத்தைக் கேட்டார்கள். சாவி வைத்திருந்தவர் தரவில்லை. "சத்தமா இருக்கும், நாலு பேரு என்ன நெனைப்பாவ?" என்றார். பகலும் ராத்திரியும் தறி ஓடுகிற ஊரில் சத்தமாம்! எங்களை மூச்சுக்கூடக் கேட்காமல் உட்கார வைக்க மட்டும் அந்தக் கூடம் திறந்தது.

இப்போது குளத்தங்கரையில் பழகுகிறோம். என் பக்கத்துப் பாயில் கண்ணை மூடியிருந்தவனும் வருகிறான். குடோன்காரர்களிடம் எங்களுக்கு வரவேண்டிய பாக்கிக் கூலி யார் யாருக்கு எவ்வளவு என்று, அடவுக்கு நடுவில் மூச்சு வாங்கும்போது, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.