ஸ்பிரிங்குக்கும் தகுதி பார்ப்போம்!



நம்ம உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்காதவர் உண்டா? முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே 35 வயசுக்கு மேல், 70 வயசுக்குள், வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு என்று தகுதி பார்த்த பிறகுதான் குடவோலையில் பேர் எழுதினார்கள். அப்படிப்பட்ட ஊரில் பைக்குக்கு ஸ்பிரிங் மாத்தும்போது மட்டும், "நல்லா ஹார்டா போடுங்கண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இது சரியா?

நெல் மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு எல்லாம் பைக்கில்தான் போகுது. பின்பக்கம் அமுங்கி, பள்ளத்தில் 'டங்'கென்று அடிக்குது. உடனே ஹார்டு ஸ்பிரிங்! மூட்டை ஏத்தும் நாளில் நல்லாத்தான் இருக்கும். மறுநாள் அதே பைக்கில் அண்ணன் தனியா ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போவாரே? அவர் எடைக்கு அது சரியா அமுங்காது. மேடு பள்ளத்தில் டயர் துள்ளும். ரோட்டைத் தொடாத டயருக்குப் பிரேக் எப்படிப் பிடிக்கும்?

ஹூக் விதி படித்திருக்கிறோம். ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 20 நியூட்டன் விசை வேணும்னா, 10 மி.மீ. அமுக்க 200 நியூட்டன் வேணும். இந்தச் சுருள்வில் மாறிலிதான் ஸ்பிரிங்கின் தகுதி. சிலர் ஸ்பிரிங்கை வெட்டினால் மெத்துன்னு ஆகும் என்கிறார்கள். தப்பு! பாதியா வெட்டினால் மாறிலி இரண்டு மடங்காகும்.

என் கருத்து இதுதான்: என்றோ ஏறும் மூட்டைக்கு இல்லை, தினம் ஓட்டுகிற ஆளுக்குத்தான் ஸ்பிரிங் பார்க்கணும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரம் தரையில் படாதபோது அச்சிலிருந்து நேர் மேலே சீட்டு வரை அளந்துக்குங்க. ஸ்டாண்டை எடுத்து, ஓட்டுகிறவர் உட்கார்ந்ததும் மறுபடி அளங்க. சக்கரம் மொத்தம் எவ்வளவு ஏறி இறங்குமோ, அதில் கால் பங்கிலிருந்து மூணில் ஒரு பங்குக்குள் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் சரி.

மூட்டை நாளுக்கு? ஷாக்கில் படிப்படியா வெட்டின வளையம் இருக்கும். ஸ்பிளெண்டரில் 5 படி. அதைத் திருப்பினால் ஸ்பிரிங் ஹார்டு ஆகாது, வண்டி உயரம்தான் ஏறும். வேலை முடிஞ்சதும் இறக்கிடலாம். காசே செலவில்லை!

அதுவும் போதலைன்னா ஸ்பிரிங் மாத்துங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போடணும். ஆயில் கசியும் ஷாக்குக்குப் புது ஸ்பிரிங் வீண். துள்ளலை அடக்குவது ஆயில்தானே!

இன்னொண்ணு. ஸ்பிரிங் மாத்தினாலும் டயரும் பிரேக்கும் சேசிஸும் அதேதான். வண்டி தாங்கும் எடை கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி பின்னாடி ஒருத்தர்தான் உட்காரலாம். ட்ரிபிள்ஸுக்கு ஏத்த ஸ்பிரிங் எந்தக் கடையிலும் கிடையாது!

மெக்கானிக் அண்ணன்களைக் குறை சொல்லலை. நாம கேட்பதைத்தானே போடுகிறார்கள்? இனிமேல், "தினம் ஓட்டுறவர் இத்தனை கிலோ, அதுக்கு ஏத்ததா போடுங்கண்ணே" என்று கேட்போம். வீட்டிலும் சொல்வோம்!