பள்ளிக்கூடத்தையும் க்ளிக் செய்து பாருங்கள்

"பையன் படிப்புக்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினோம்" என்கிறீர்கள். சரி, அவன் படிக்கும் பள்ளியைப் பற்றி அதில் என்றாவது தேடிப் பார்த்தீர்களா? வாட்ஸ்அப்பில் பள்ளி அனுப்பும் செய்திக்குக் கும்பிடு போடுவதோடு பெற்றோர் வேலை முடிந்துவிடாது என்பது என் கருத்து.

மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் இணைய தளத்தில் பள்ளிகளுக்கும் ரிப்போர்ட் கார்டு உண்டு. (பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்ன!) பள்ளியைத் தேடி க்ளிக் செய்தால் வகுப்பறை, ஆசிரியர், கழிப்பறை, கம்ப்யூட்டர் எண்ணிக்கையெல்லாம் திரையில் வரும். இவை பள்ளிகளே நிரப்பித் தரும் விவரங்கள். சாஃப்ட்வேர் எழுதுபவன் என்பதால் சொல்கிறேன், பதிவில் இருப்பது வேறு, ஓடுவது வேறு. பத்து கம்ப்யூட்டர் என்று போட்டிருந்தால் எத்தனை ஆன் ஆகிறது என்று உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள்.

குறை இருந்தால் சொல்ல இடமும் இருக்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இவர்கள்தான். தமிழகத்தில் 2022-லும் 2024-லும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு மட்டும் இந்த விதி இல்லை. கட்டணம் கட்டுபவருக்குக் கேள்வி கேட்க உரிமை வேண்டாமா?

உங்கள் பள்ளியில் குழு உண்டென்றால், அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு போங்கள்.