மன்றம் வைக்க எவ்வளவு ஆகும்?

பொம்மையார்பாளையத்துக் கடற்கரையின் பழைய படங்கள் ஊரில் யார் யார் போனில் கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல் கொட்டியதிலிருந்து, தெற்கே இருந்து வரவேண்டிய மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. வடக்கே இருக்கும் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் கரை தேய்கிறது. எந்த ஆண்டு எந்தத் தெருவரை கடல் வந்தது என்பதற்கு ஊர்க்காரர்கள் கையில் இருக்கும் சான்று, வாட்ஸ்அப் குழுவில் போட்ட படங்கள்தான். காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் அடியில் அவை புதைந்துபோகின்றன. போனை மாற்றினால் அதுவும் இல்லை.

அதனால் ஊர்ப் பையன்கள் சிலர் இணையத்தில் ஒரு மன்றம் வைக்க ஆசைப்படுகிறார்கள். கடல் அரிப்புக்கு ஒரு பிரிவு, மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு ஒரு பிரிவு, டீசல் மானியத்துக்கு ஒன்று. எப்போது தேடினாலும் கிடைக்க வேண்டும். என்னிடம் வந்து கேட்ட முதல் கேள்வி: “அண்ணே, காசில்லாம எது கெடைக்கும்?”

கிடைக்கும். தமிழில் இதற்கு முன்னோடிகளும் உண்டு. ஈகரை தமிழ் களஞ்சியம் ஃபோரமோஷன் என்ற இலவசச் சேவையில் வளர்ந்தது. அங்கே மென்பொருளும் சேவை தருகிறவர்களுடையது, சர்வரும் அவர்களுடையது. நாம் பெயரைப் பதிந்துவிட்டு எழுத ஆரம்பித்தால் போதும். 1999இல் தொடங்கிய யாழ் இணையத்தின் கருத்துக்களம், இன்விஷன் என்ற விலைக்கு விற்கும் மென்பொருளில் ஓடுகிறது. தமிழ் லினக்ஸ் சமூகத்தின் மன்றம் டிஸ்கோர்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்குகிறது. மூன்றிலும் தமிழர்கள் கொட்டி எழுதியிருக்கிறார்கள். எழுதுகிறவருக்கு மென்பொருள் எதுவென்று பெரும்பாலும் தெரியாது, தெரியவும் வேண்டாம். மன்றத்தை நடத்துகிறவருக்குத்தான் அது தலைவலி.

கணக்கைப் பார்ப்போம். பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, விலை இல்லை. சாதாரண வெப் ஹோஸ்டிங் போதும். மாதம் சில நூறு ரூபாயில் முடியும். 2013இல் வந்த டிஸ்கோர்ஸுக்கும் விலை இல்லை, ஆனால் குறைந்தது ஒரு ஜிபி நினைவகத்தோடு தனி சர்வர் கேட்கும், மின்னஞ்சல் அனுப்பத் தனி ஏற்பாடு கேட்கும். சென்ஃபோரோ என்ற விலை மென்பொருளை வாங்கினால் நூற்றைம்பது டாலருக்கு மேல் முதலில் கொடுத்து, புதிய பதிப்புகளுக்கு ஆண்டுதோறும் தனியாகக் கட்ட வேண்டும். அதற்கும் ஹோஸ்டிங் செலவு உண்டு. படகு சும்மா கிடைத்தாலும் டீசலும் ஆளும் நாம்தானே போட வேண்டும்?

காசு கொடுத்தால் பாதுகாப்பு நிச்சயம் என்று நம்புகிறவர்கள் உண்டு. 2004 டிசம்பரில் சான்ட்டி என்ற புழு, கூகுளில் தேடித் தேடிப் பிஎச்பிபிபி மன்றங்களின் பக்கங்களை அழித்தது. அந்த ஓட்டையை அடைத்த பதிப்பு ஒரு மாதத்துக்கு முன்பே இலவசமாக வந்திருந்தது. அதைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். விலைக்கு விற்கும் விபுல்லட்டின் என்ற மன்ற மென்பொருளில் 2019 செப்டம்பரில் ஒரு ஓட்டை வெளிப்பட்டபோது, கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட கொமோடோ நிறுவனத்தின் மன்றமே திருட்டுக் கொடுத்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தமும் சில நாள் முன்னரே வந்திருந்தது. இரண்டு கதையிலும் மன்றம் பிழைத்ததா என்பதைத் தீர்மானித்தது விலை அல்ல. அந்த வாரம் யாராவது உட்கார்ந்து புதுப்பித்தார்களா என்பதுதான்.

விற்பவரும் நிலையாக இருப்பதில்லை. விபுல்லட்டினை 2007இல் இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. அதை எழுதிய முக்கியமானவர்கள் சிலர் வெளியேறி 2010இல் சென்ஃபோரோவைக் கொண்டுவந்தார்கள். அவர்கள்மேல் இன்டர்நெட் பிராண்ட்ஸ் போட்ட வழக்கு 2013 வரை இழுத்தது. இரண்டு பக்கத்திலும் பணம் கட்டியிருந்த மன்றக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு காசே இல்லாத பக்கத்தில் நடந்தது. மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று இணையத் தமிழின் முதல் தலைமுறை ஆண்டுக்கணக்கில் விவாதித்தது யாஹூ குழுமங்களில். 2019 அக்டோபரில் யாஹூ, அங்கிருக்கும் பதிவுகளையெல்லாம் அழிக்கப்போவதாக அறிவித்துச் சில வாரம் தவணை கொடுத்தது. 2020 டிசம்பரில் கடையையே மூடியது. முன்கூட்டி இறக்கி வைத்திருந்தவர்களிடம் மட்டும்தான் அந்த எழுத்து இன்று இருக்கிறது. சந்தா கட்டாதவருக்கு அங்கே புகார் சொல்லவும் இடமில்லை.

ஆகவே பையன்களிடம் நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. மொத்தத் தரவையும் ஒரே நாளில் இறக்கி வேறு இடத்தில் ஏற்ற முடியுமா என்று கேட்டேன். பிஎச்பிபிபியிலும் டிஸ்கோர்ஸிலும் முடியும். சொந்த ஹோஸ்டிங்கில் வைத்தால் சென்ஃபோரோவிலும் முடியும். பிறர் தரும் இலவச இடத்தில் அது அவர்கள் மனசைப் பொறுத்தது. அடுத்த கேள்வி, கடவுச்சொல் எத்தனை பேரிடம் இருக்கும்? ஒருவர் கல்யாணம் ஆகியோ வேலை கிடைத்தோ வெளியூர் போனால் மன்றமும் கூடவே போய்விடக் கூடாது. இரண்டு பேராவது சர்வரைப் பார்க்கப் பழக வேண்டும். கற்றுத்தர, விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது.

அப்படி இரண்டு பேர் தேறினால் டிஸ்கோர்ஸ். ஹோஸ்டிங் காசை ஊர்ச் சங்கக் கணக்கில் எழுதிவிடலாம், டீக்கடைச் செலவைவிடக் குறைவு. தேறாவிட்டால் மன்றமே வேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே பேசிக்கொண்டு, கரைப் படங்களைத் தேதி போட்டு இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றை ஊருக்கு வெளியே வையுங்கள் என்றேன். பராமரிக்க ஆளில்லாத மன்றத்தைவிட, ஒழுங்காகப் பெயரிட்ட ஐந்நூறு படங்கள் மாவட்ட ஆட்சியர் மேசையில் அதிகம் பேசும்.